டிராக் குரல்

மறுபடியும் அதே இடத்தில்தான் உடைந்தது. 'நீ'யில். போன தடவையாவது சொல்லின் பாதி வரைக்கும் போனாள், இந்தத் தடவை தொடங்கும்போதே குரல் நழுவிக் காற்று மட்டும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசுமதி ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு, "சாரி தம்பி" என்றாள். எட்வின் மேஜையில் இருந்த பொத்தானை அழுத்தி, "பரவால்லக்கா, டிராக்தானே" என்றான். நல்ல பையன். இசையமைப்பாளர்களில் இவ்வளவு தன்மையாகப் பேசுகிறவன் அபூர்வம். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னான், ஆனாலும் அந்த 'தானே' என்னைக் குத்திவிட்டது. அவளைக் குத்தியதாகத் தெரியவில்லை, ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடிக்கிறாள், குடிக்கும்போது கழுத்தில் அந்தக் கட்டி ஏறி இறங்குகிறது, எனக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. டிராக் என்றால் மாதிரிக்குப் பாடி வைப்பது. பம்பாயிலிருந்து வரப்போகிற பெரிய பாடகி கேட்டுப் படித்துக்கொள்வதற்காக, எந்த எழுத்தை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று முதலில் ஒருத்தி பாடிக் காட்ட வேண்டும். அந்த ஒருத்தி என் மனைவி. பெரிய பாடகி வந்து பாடிவிட்டுப் போனதும் இவள் பாடியதை எடுத்துவிடுவார்கள். ஊரெல்லாம் கேட்ட எத்தனையோ பாட்டுகளில் இவள் குரல் ஒரு வாரமோ பத்து நாளோ குடியிருந்துவிட்டுச் சத்தமில்லாமல் காலி செய்திருக்கிறது. நாளைக் காலையில் அந்தக் கட்டியை எடுக்கப் போகிறார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர், அதில் இரண்டாவது பேச்சு கிடையாது, ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு நூல் மாதிரி அதன் பின்னாலேயே ஓடுகிறதாம், பத்திரமாகத்தான் பார்ப்போம், பேச்சு வந்துவிடும், பாட்டுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தர முடியாதும்மா என்றார். பாட்டுக்கு மட்டும். காய்கறிக்காரர் கொத்துமல்லிக்கு மட்டும் கையை விரிப்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இவளும் அவ்வளவு சாதாரணமாகவே தலையாட்டினாள். இன்றைக்கு இங்கே வரும்போது காரில்தான் மெதுவாகச் சொன்னாள், நாளைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பாட்டையாவது உடையாமல் முழுசாகப் பாடிவிட்டுப் போக வேண்டும் என்று. என்னிடம் கேட்கிற மாதிரி சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிள்ளையார் கோயிலைக் கடந்துகொண்டிருந்தோம், பிள்ளையாரிடம் சொன்னாளோ என்னவோ.

அந்த 'நீ'யை அங்கே வைத்தது பிள்ளையார் இல்லை, பாட்டை எழுதிய நான்தான். காலையில் சட்னி அரைத்துக்கொண்டே கேட்டாள், அந்த எடத்துல வேற ஏதாவது போட முடியுமாங்க, தொண்டை பிடிக்குது என்று. பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் நான் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், அவளுக்கும் தெரியும், மேற்கொண்டு கேட்காமல் மிக்ஸியைப் போட்டுவிட்டாள். என்ன செய்வது, அந்த வரி எனக்கு அப்படிப் பிடித்துப்போயிருந்தது. இப்படி ஒரு வரி எனக்கு வந்தே வருஷக்கணக்காகிவிட்டது. கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிட்டால் பிள்ளைகள் கேட்பார்கள், ஐயா, உங்களுக்குப் பாட்டு எப்படி ஊற்றெடுக்கிறது என்று. ஊற்றும் இல்லை, ஆறும் இல்லை. முதலில் முனகல்தான் வரும். எட்வின் ஃபோனில் 'லாலல லாலல' என்று அரைத் தூக்கத்தில் முனகி அனுப்புவான், பின்னால் அவன் வீட்டு நாய் குரைப்பதும் சேர்ந்து வரும், அந்த முனகலில் எங்கே குறில், எங்கே நெடில், மூச்சு எங்கே, இழுப்பு எங்கே என்று அளந்துகொண்டு உட்கார வேண்டும். சட்டையை முதலில் தைத்துக் கொடுத்துவிட்டு அதற்குப் பொருந்துகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்கிற தொழில். டைரக்டர் நிலைமையைச் சொல்வார்: கப்பல் வேலைக்குப் போன புருஷன் திரும்பவில்லை, அவள் தனியாக வீட்டில் இருக்கிறாள், அவள் அழக் கூடாது கவிஞரே, தியேட்டர் அழணும். எல்லா டைரக்டரும் சொல்வதுதான். பல்லவி ஒன்றே ஒன்று எழுதிக்கொண்டு போனால் மதிக்கமாட்டார்கள், ஒரு கட்டு கொண்டுபோக வேண்டும், கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால் கடைக்காரர் விரித்துப் போடுகிற மாதிரி விரித்துப் போட வேண்டும், எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலில் தள்ளி வைத்ததையே எடுப்பார்கள். இதை மட்டும் டைரக்டர் முதல் பார்வையிலேயே எடுத்தார். கதவு தட்டும் காற்றுக்கெல்லாம் எழுந்து வந்தேன் நான், கண்ணில் பட்ட தூசிக்கெல்லாம் காரணம் நீ. படித்துவிட்டு மற்றப் பல்லவிகளையெல்லாம் ஓரமாகத் தள்ளினார். பிறகு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைக்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

உச்சத்தில் 'ஈ' வைக்காதே என்பது எழுத வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டது. 'ஆ' என்றால் வாய் தானாகத் திறந்து கொடுக்கும், 'ஈ' என்றால் தொண்டை இறுகும், மெட்டு அந்த இடத்தில் கடைசிப் படியில் நிற்கிறது, அங்கே போய் இறுகினால் யார்தான் பாடுவது. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் வைத்தேன். முக்கால்வாசிக் கதாநாயகிகள் உச்சத்துக்குப் போனால் 'வா' என்றுதான் கூப்பிடுவார்கள், நானே எத்தனை பேரைக் கூப்பிட வைத்திருக்கிறேன், வா வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே சலித்துவிட்டது. இவள் கூப்பிடவில்லை. இவள் விரலை நீட்டுகிறாள். கண்ணில் விழுந்த தூசிக்குக்கூட நீதான் பொறுப்பு என்கிறாள். அழாமல் அழவைப்பது அதுதான். பம்பாய்ப் பாடகிக்குத் தொண்டை இரும்பு, அவள் அநாயாசமாகப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் வசுமதியைச் சேர்க்கவில்லை. எப்படிச் சேர்க்காமல் போனேன்? அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது, பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தது, எல்லாம் நான் இந்த வரியைச் சுமந்துகொண்டு திரிந்த அதே நாள்களில்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த ஒரு அம்மாள் என்னை முறைத்தாள், அதுகூட இப்போதுதான் உறைக்கிறது.

"அக்கா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க, அப்புறம் ஒரு தடவை போகலாம்" என்கிறான் எட்வின். சவுண்டு என்ஜினீயர் நிசார் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு விரல் நெட்டி முறிக்கிறான். அவள் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள், பேப்பரைக் கையில் வைத்து உதட்டை அசைக்கிறாள், சத்தம் இங்கே வரவில்லை. வீட்டிலும் இப்படித்தான். நான் எழுதுவேன், அவள் சமையலறையில் அந்த மெட்டில் போட்டுப் பார்ப்பாள், குக்கர் விசில் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், பாடிக்கொண்டே வந்து இந்த 'ற்' இங்கே கடிக்குது என்பாள், அந்த 'ம்'மை நகர்த்துங்க என்பாள், நான் எரிந்து விழுவேன், பிறகு நகர்த்துவேன். உங்கள் சொல் பாடுகிறவர்கள் வாயில் வெண்ணெயாகக் கரைகிறது என்று மேடையில் எத்தனை பேர் புகழ்ந்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாம் தமிழ் தந்தது என்பேன். தமிழ் எங்கே தந்தது, இவள் வாய் தந்தது. நான் எந்தப் பாடகிக்கும் எழுதியதே இல்லை. அந்தந்தப் பெயரைப் பேப்பர் மேலே எழுதியிருப்பேன், காதில் கேட்டதெல்லாம் இவள் குரல்தான், இவள் எங்கே மூச்சு வாங்குவாள், எந்த எழுத்தில் சிரிப்பு வந்துவிடும், அதற்கேற்பத்தான் சொல் விழுந்தது. இனிமேல்? ஆபரேஷன் முடிந்து குரல் வேறாகிவிட்டால் நான் யாரைக் கேட்டு எழுதுவது, சொல் சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று எனக்கு யார் சொல்வார்கள், என் கதை என்ன ஆகும் என்று போய்க்கொண்டே இருந்த மனசு இந்த இடத்தில் தடுக்கி விழுந்தது. என் கதை. அவள் தொண்டையை அறுக்கப் போகிறார்கள், நான் என் கதைக்குக் கவலைப்படுகிறேன். டாக்டர் முடிவு சொன்ன பிறகு அந்த வராந்தாவில் எனக்கு வந்த பயம்கூட இதுதானோ? கை சில்லிட்டதே, தண்ணீர் குடித்தேனே, அவளே என் முதுகைத் தடவி ஒன்னும் ஆகாதுங்க என்றாளே, அது அவளுக்காக வந்த பயமா, இதுவா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்பதுதான் நிஜம்.

சரி, மாற்றிவிடேன். யார் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? ஒரு சொல். இந்தப் பொத்தானை அழுத்தி, வசு, அந்த இடத்தில் இப்படிப் பாடு என்றால் முடிந்தது. ஆனால் டைரக்டர் ஒப்புக்கொண்ட வரி. ஒப்புக்கொண்ட வரியைக் கவிஞனே மாற்றினான் என்று தெரிந்தால், இந்த ஆள் தடுமாறுகிறான், வயசாகிவிட்டது என்று ஆரம்பிப்பார்கள். இந்தப் படமே யாரோ ஒரு இளைஞன் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதால் எனக்கு வந்தது. போஸ்டரில் பாடல்கள் பரிதிவாணன் என்று என் பெயரைப் பார்த்தே நாளாகிறது, எதிர்வீட்டுக்காரர் நான் ரிட்டயராகிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார், பார்த்தால் ஜெயபால் சார், பொழுது போகுதா என்று என் ரேஷன் கார்டுப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். அதனால்தான் வாயைத் திறக்கவில்லையா? முன்னாலேயும் திறக்கவில்லையே. கொடி கட்டிப் பறந்த காலத்தில் ஒரு வார்த்தை, இந்தப் பாட்டை இவளே பாடட்டும் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம், செய்திருப்பார்கள். பெண்டாட்டிக்குச் சிபாரிசு பிடிக்கிறான் என்று பேசுவார்களே என்று நினைத்தேன், அவளும் கேட்கவில்லை, கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. இதையெல்லாம் இப்போது எண்ணி என்ன. இன்றைக்குக் கேட்பதும் அது இல்லை, குரலை வையுங்கள் என்று அவள் சொல்லவில்லை, உடையாமல் ஒரு தடவை பாடிவிடுகிறேன் என்கிறாள், பாடிவிட்டால் போதும், பிறகு வழக்கம்போல எடுத்துவிடட்டும். அதற்குக்கூட என் சொல் குறுக்கே நிற்கிறது. 'நீ' இல்லாவிட்டால் என்ன? 'வா'வா? காரணம் நீ, காலையில் வா. சீ. கண்ணெதிர் வா, கப்பலில் வா, கொஞ்சம் விட்டால் டிக்கெட் எடுத்து வா என்று எழுதுவேன். கண்ணில் தூசி. தூசி விழுந்தால் அடுத்து என்ன செய்வோம், கசக்குவோம், கசக்காதீங்க என்பார்கள், கசக்காதீங்க, கையை எடுங்க, மேல பாருங்க என்று அவள்தான் சொன்னாள், கோடம்பாக்கம் பாலத்தின் மேல்.

அப்போது ஸ்கூட்டர் வைத்திருந்தோம். கல்யாணமான புதிது. ஏதோ ஒரு ஸ்டூடியோவில் அவளை இறக்கிவிட அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன், லாரி ஒன்று மண்ணைத் தூற்றிக்கொண்டு முன்னால் போனது, கண்ணில் நெருப்பை வைத்த மாதிரி இருந்தது, ஓரம்கட்டி நிறுத்திக் கசக்க ஆரம்பித்தேன். அவள் இறங்கி வந்து என் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு விரலால் இமையைப் பிரித்துக்கொண்டு ஊதினாள். பின்னால் ஒரே ஹாரன், எவனோ வீட்டில் போய்க் கொஞ்சுங்கடா என்று கத்திவிட்டுப் போனான், அவள் காதிலேயே வாங்கவில்லை, மறுபடி ஊதினாள். ஏலக்காய் மணத்த மூச்சு. பாடப் போகும் நாள்களில் ஏலக்காய் மெல்லுவாள். பாடுகிறவளின் மூச்சு என்பது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அவசரமே இல்லாமல், கொஞ்சமும் சிந்தாமல், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வந்தது. தூசி போய்விட்டது. போய்விட்டது என்று சொல்ல மனசு வராமல் இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு என்றேன். அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் ஊதினாள். கண்ணில் பட்ட தூசியெல்லாம் ஊதிட வா. கண்ணில் பட்ட தூசியெல்லாம். ஊதிட வா. நான் தேடவில்லை, அதுவாக வந்து மெட்டில் உட்கார்ந்துகொண்டது, உச்சத்தில் 'வா', வாய் திறந்த 'வா'. கை பொத்தானுக்குப் போய்விட்டது. எட்வின் திரும்பிப் பார்த்தான். "வசு, 'தூசிக்கெல்லாம் காரணம் நீ' வேணாம். 'தூசியெல்லாம் ஊதிட வா'ன்னு பாடு" என்றேன். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பாலம் அவளுக்கு ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துப் புதிதாக எழுதிக்கொண்டாள், உதட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள், ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு நிசாருக்குக் கையைக் காட்டினாள்.

பாடினாள். என்னத்தைச் சொல்ல. கதவு தட்டும் காற்று என்றபோது குரல் கொஞ்சம் கரகரத்தது, அந்தக் கட்டி உள்ளே இருப்பது தெரிந்தது, அதுவே அந்த வீட்டின் தனிமையைப் போல இருந்தது, எழுந்து வந்தேன் நான் என்ற இடத்தில் எழுந்து வந்தவள் கதவுக்கு அப்பால் யாரும் இல்லை என்று கண்டுகொண்டது எனக்குத் தெரிந்தது, நான் எழுதும்போதுகூட அது எனக்குத் தெரியவில்லை. மேலே ஏறும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், நிசார் நெட்டி முறிப்பதை நிறுத்தியிருந்தான். ஊதிட வா. உடையவில்லை. போய் நின்றது, நின்ற இடத்தில் கொஞ்சம் அசைந்தது, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது. சரணம் இரண்டும் பாடி, கடைசிப் பல்லவியும் பாடி, வாத்தியமெல்லாம் ஓய்ந்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. எட்வின் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நிசாரிடம், இதுக்கு மேல எதுக்குப் பம்பாய் என்றான். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று அவனையே பார்த்தேன். ஃபோனை எடுத்து டைரக்டருக்குப் பாட்டை அனுப்பிவிட்டான், கேட்டுட்டுக் கூப்பிடுங்க சார், குரலையும் கவனிங்க என்று சொல்லியும் வைத்தான். அவள் வெளியே வந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தை ஒற்றிக்கொண்டு சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்வின் அவளிடம் சொன்னான், அக்கா, இதையே வச்சுக்கலாம்னு டைரக்டர்கிட்ட கேட்டிருக்கேன். ஃபிளாஸ்க் மூடியை மூடித் திறந்து மூடினாள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை, நான் சொன்னதில்லை, இன்றைக்குப் போய் இந்தப் பையன் சொல்கிறான். அவள் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. என் மனம் அதற்குள் ஓடிவிட்டது, தியேட்டரில் விளக்கணைந்து பாட்டு தொடங்கும், பாடியவர் வசுமதி என்று திரையில் எழுத்து வரும், ஆபரேஷன் எப்படிப் போனாலும் இது இருக்கும், இதை யாரும் எடுக்கமாட்டார்கள், வயதான பிறகு டீக்கடை வாசலில் அவள் குரலை அவளே கேட்பாள்.

ஃபோன் அடித்ததும் எட்வின் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான். டைரக்டர் காரில் போய்க்கொண்டிருந்தார் போலிருக்கிறது, சுற்றிலும் இரைச்சல். குரல் அருமையா இருக்கு எட்வின், யாரு இது, கவிஞர் வீட்டம்மாவா, எனக்கு ஓகே என்றார். அவள் முழங்கை என் முழங்கையில் அழுந்தியது. ஆனா என்றார். 'காரணம் நீ' எங்க போச்சு, அதை நினைச்சுத்தான் நான் ஷாட்டே எழுதி வச்சிருக்கேன் என்றார். எட்வின் பொறுமையாக விளக்கினான், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அந்த எழுத்து மேலே நிற்கவில்லை, 'ஊதிட வா'ன்னா இந்தக் குரலையே வைத்துவிடலாம், 'காரணம் நீ'தான் வேண்டும் என்றால் வழக்கம்போலப் பம்பாய்க்கு அனுப்பிவிடுகிறேன் என்று. பிறகு டைரக்டர், "கவிஞரே, இருக்கீங்களா? நீங்களே சொல்லுங்க, எது சரி? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், நீங்க சொன்னா வச்சுக்கறேன்" என்றார். ரெண்டும் ஒன்றுதான் என்று சொன்ன குரலில் ரெண்டும் ஒன்றாக இல்லை. எத்தனை டைரக்டர்களின் எத்தனை 'உங்க இஷ்டம்'களைக் கேட்ட காது இது. அவருக்குப் பிடித்தது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதைக் கண்டுபிடித்துச் சொல்லித்தானே இத்தனை காலம் பிழைத்தேன். அதோடு இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் மோசம், அவர் கேட்டது பாட்டைப் பற்றி, பாட்டுக்கு எது சரி என்றால் 'காரணம் நீ'தான் சரி, அந்தக் கதாநாயகி கூப்பிடக் கூடாது, விரலை நீட்ட வேண்டும், 'ஊதிட வா' என் வீட்டு விஷயம், கப்பல்காரன் பெண்டாட்டிக்கு அது எதற்கு. யோசிக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன், இவ்வளவையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் யோசித்தேன், அதில் எங்கேயும் வசுமதி வரவில்லை. ஆஸ்பத்திரி வரவில்லை. சொல்லை மட்டும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நகைக்கடைக்காரன் மாதிரி. "காரணம் நீதான் சார் சரி" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. டைரக்டர், நானும் அதான் நினைச்சேன், தேங்க்ஸ் கவிஞரே, அப்ப பம்பாய்க்கே அனுப்பிடுங்க எட்வின் என்று சொல்லி வைத்துவிட்டார். இல்லை சார், ஒரு நிமிஷம், நான் என்ன சொன்னேன் என்றால் என்று திரும்பக் கூப்பிடலாம், ஃபோன் அங்கேயேதான் கிடக்கிறது, கையை நீட்டினால் எடுக்கலாம், எடுத்து என்ன சொல்வது, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சரி என்ற சொல்லை இப்போது தப்பு என்பதா, ஏன் என்று கேட்டால், என் மனைவி என்பதா. ஏன், சொன்னால் என்ன? சொல்ல வேண்டியதுதானே. சொல்ல வேண்டியதுதான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்க, கை தொடையின் மேலேயே கிடந்தது. எட்வின் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். அந்த ஒரு சொல்லை மட்டும் தனியா இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமாக்கா, நான் ஒட்ட வச்சுக்கறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் கழுத்தில் கை வைத்துக்கொண்டு முடியாது என்று தலையசைத்தாள். தொண்டையில் மிச்சம் அவ்வளவுதான் இருந்தது, அதையும் பாடிவிட்டாள். ஆபரேஷன் முடிந்து தேறி வந்து பாடட்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "அதுதாங்க நல்ல வரி. நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறையிலிருந்து வந்து, இந்த 'ம்' இங்கே சரியாக உட்கார்ந்திருக்கு என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் ஃபிளாஸ்கை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், பிடிப்பதற்குக் கை இல்லை.

கிளம்பப் போகிறோம் என்று நானும் எழுந்தேன். அவள் வாசல் பக்கம் போகாமல் கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். பேப்பரை ஸ்டாண்டில் வைத்து, தான் எழுதிய வரியை அடித்து, நான் முதலில் எழுதியிருந்ததை மேலே மறுபடி எழுதினாள். "நிசார், ரெக்கார்டுல போடு" என்றாள். "பம்பாய்ப் பொண்ணுக்கு. இந்த எடம் சிரமம்மா. 'காரணம்' முடிச்சிட்டு மூச்சு எடுக்காத, எடுத்தா 'நீ' நிக்காது. முன்னாடியே, 'தூசிக்கெல்லாம்' ஆரம்பிக்கறப்பவே எடுத்து வச்சுக்க. வாயை ரொம்ப இழுக்காத, உள்ளுக்குள்ள 'ஆ' சொல்ற மாதிரி வச்சுக்கிட்டு வெளியில 'ஈ' சொல்லு. மேல போனதும் பயப்படாத." இதை எட்வின் இந்தியில் சொல்லிவிடுவான் என்று நிசார் அவளுக்குச் சைகை காட்டினான், அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, கேளு, எங்க மூச்சு எடுக்கறேன்னு மட்டும் கேளு என்று சொல்லிப் பாடிக் காட்டினாள். மேலே போகவில்லை, கீழ் ஸ்தாயியில், பேசுகிற அளவுக்கே. கண்ணில் பட்ட தூசிக்கெல்லாம் காரணம் நீ. கொஞ்சமும் உடையவில்லை, நான் நினைத்தபடியே சொல் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு தடவை இந்தப் பக்கம் பார்ப்பாள் என்று கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்கு நெருங்கிப் போய் நின்றேன். அவள் பேப்பரைப் பார்த்தபடியே அந்த வரியை இன்னொரு தடவை பாடினாள்.